கொழுகொழுன்னு இருந்தா ஆரோக்கியமா?

‘‘புள்ளைன்னா கொஞ்சம் பூசினாப்ல இருந்தாத்தாங்க அழகு!’’

‘‘இப்ப குண்டா இருந்தா என்ன? உயரம் போடறப்ப தானா இறங்கிடும்!’’

‘‘நாங்கதான் அரை வயிறும் கால் வயிறுமா வளர்ந்தோம். எம்புள்ளையாவது ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டுமே!’’

இந்த மூன்றில் ஒன்றையாவது உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். சொன்னது நீங்களாகவே கூட இருக்கலாம்! சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. எல்லாம் பாசம்தான். ஒரு காலத்தில் அந்தப் பாசம் சரியாகவும் இருந்தது. அம்மை, வயிற்றுப்போக்கு, பஞ்சம் என்று குழந்தைகள் வாடிக் கிடந்த நாளில், கன்னத்தில் நாலு சதை இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். தாத்தா, பாட்டி கண்ணுக்கு இன்னமும் அந்த அர்த்தம்தான் தெரிகிறது.

ஆனால், காலம் மாறிவிட்டது. பசிக் காலத்துப் பாசத்தை வைத்துக்கொண்டு, பாட்டில் காலத்துப் பிள்ளையை வளர்க்க முடியாது. இதைக் கொஞ்சம் உடைத்தே பேசிவிடலாம்.

மாம்பழம் போகிறது... பாட்டில் வருகிறது!

எங்கள் காவேரிப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணகி பிறந்த பூம்புகார் என்று நினைத்துவிடாதீர்கள். இது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில், தருமபுரிக்குப் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். சுற்றுவட்டாரம் முழுக்க மாந்தோப்பு. மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன இடம். கடைத்தெருவுக்குப் போனால் நிப்பட், பால்கோவா வாசனை ஆளை இழுக்கும்.

இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கத்து வீடுகளில் ராகிக் களிதான் முக்கியச் சாப்பாடு. ஒரு உருண்டைக் களி, கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு. அதைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார்கள். சாயங்காலம் இருட்டும்வரை ஆற்று மணலில் ஆட்டம். நிப்பட்டும் பால்கோவாவும் பண்டிகைக்கு வரும். அல்லது ஊருக்கு வருகிற மாமா கையில் வரும்.

இன்றைக்கு? அப்பா ஓசூரிலோ போச்சம்பள்ளியிலோ கம்பெனி ஷிப்டுக்குப் போகிறார். அம்மாவும் வேலைக்குப் போகிறார். பிள்ளை வேனில் ஏறி, வேனில் இறங்குகிறது. வந்ததும் டியூஷன். டியூஷன் முடிந்ததும் செல்போன். ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிற அப்பாவுக்கு, ‘புள்ளையோட நாலு வார்த்தை பேச முடியலையே’ என்று உறுத்தல். அந்த உறுத்தல், கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டாகவும் கிரீம் பிஸ்கட்டாகவும் ஒரு பாட்டில் ‘மாம்பழ ஜூஸா’கவும் வீட்டுக்குள் நுழைகிறது. நிப்பட் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பண்டிகைப் பலகாரம் தினசரிப் பலகாரமாகிவிட்டதே, அங்கேதான் சிக்கல்!

அந்த ‘மாம்பழ ஜூஸ்’ கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நம் தோப்பில் விளைகிற பெங்களூரா ரகம் இங்கேயே கூழாகிறது. கூழ் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. அப்புறம் பானமாக மாறி, நம் தெரு மளிகைக் கடைக்கே திரும்பி வருகிறது. சட்டப்படி இந்த மாதிரிப் பழ பானத்தில் 10 சதவிகிதம் பழச்சாறு இருந்தாலே போதும். மீதியில் பெரும்பங்கு தண்ணீரும் சர்க்கரையும்தான். 100 மில்லிக்கு 12-லிருந்து 15 கிராம் வரை சர்க்கரை இருப்பது சாதாரணம். நம்பாவிட்டால் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள். 200 மில்லி குடித்தால் ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது!

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. அதுவே பெரியவர்கள் கணக்கு. பிள்ளைக்கு ஒரே பாட்டிலில் அன்றைய கோட்டா காலி!

‘அப்ப மாம்பழமே கெடுதலா?’ என்று கேட்காதீர்கள். பழத்தைக் கடித்துச் சாப்பிடுகிற பிள்ளைக்கு நார்ச்சத்து கிடைக்கிறது. வயிறு நிறைகிறது. ஒன்று தின்றதும் ‘போதும்’ என்று தோன்றுகிறது. பானத்தில் அந்தப் ‘போதும்’ அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை.

காசு கொடுத்து வாங்கும் நோய்

2024-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு உலகளாவிய கணக்கு வெளியானது. 1990-ல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல்பருமன் உள்ளவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல்? சுமார் 1 கோடியே 25 லட்சம்! மக்கள்தொகை கூடியதைக் கழித்தாலும் இது சாதாரண ஏற்றம் இல்லை.

நம் தமிழ்நாட்டுக் கணக்கையும் பாருங்கள். சென்னையில் 13 முதல் 18 வயது வரையுள்ள 4,700 மாணவர்களைப் பரிசோதித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பையன்களில் 17.8 சதவிகிதம் பேர், பெண்களில் 15.8 சதவிகிதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அதே சென்னையில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதில் ஒரு கணக்கு நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் கவனித்துப் படிக்க வேண்டியது. அரசுப் பள்ளிகளில் அதிக எடையுள்ளவர்கள் 3.6 சதவிகிதம். தனியார் பள்ளிகளில் 21.4 சதவிகிதம். கிட்டத்தட்ட ஆறு மடங்கு!

என்ன அர்த்தம்? கட்டணம் கட்டி, வேன் வைத்து, பாக்கெட் மணி கொடுத்து, நோயையும் நாமே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘அது மெட்ராஸ் கணக்குங்க’ என்று தள்ளிவிடாதீர்கள். வேனும் பாக்கெட்டும் செல்போனும் காவேரிப்பட்டினத்துக்கு வந்து ரொம்ப நாளாகிறது.

உடம்புக்குள்ளே நடப்பது என்ன?

அதிக எடையுள்ள பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஓடும், சிரிக்கும், சாப்பிடும். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. அதனால்தான் யாரும் டாக்டரிடம் போவதில்லை. ஆனால், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

முதலில் இன்சுலின். சாப்பாட்டிலுள்ள சர்க்கரையை ரத்தத்திலிருந்து எடுத்து உடம்பின் செல்களுக்குள் சேர்க்கிற சாவி அது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடக் கூட, அந்தச் சாவி பூட்டில் சரியாகத் திரும்புவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. சில பிள்ளைகளின் கழுத்துக்குப் பின்னாலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி கறுப்பாகத் தடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஒழுங்கா சோப்பு போட்டுக் குளிக்கிறதே இல்ல’ என்று திட்டிக்கொண்டே தேய்க்கிற அம்மாக்கள் உண்டு. அது பெரும்பாலும் அழுக்கே இல்லை, அம்மா! உள்ளே இன்சுலின் திணறுகிறது என்று தோல் கொடுக்கும் தந்தி அது. தேய்ப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தத் தந்தியைக் கவனிக்காவிட்டால் அடுத்து வரக்கூடியது டைப்-2 சர்க்கரை நோய். நாற்பது வயசுக்கு மேல் வருகிற வியாதி என்றுதான் நாம் நினைத்திருந்தோம். நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கே அது வந்திருப்பதை, சென்னை சர்க்கரை நோய் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2003-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்துவிட்டார்கள்.

சின்ன வயதில் வருகிற டைப்-2, பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமானது. அமெரிக்காவில் ‘டுடே’ என்ற ஆய்வில், சிறு வயதிலேயே இந்த நோய் வந்த 500 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. அவர்களின் சராசரி வயது 26 ஆனபோது, 100-க்கு 60 பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு இவற்றில் ஒன்றிலாவது பாதிப்பு வந்துவிட்டது. 26 வயசு! நம் வீடுகளில் அது வரன் பார்க்க ஆரம்பிக்கிற வயசு.

இரண்டாவது கல்லீரல். ‘கல்லீரல் கெட்டுப் போச்சு’ என்றால் குடிகாரர் ஞாபகம்தான் வரும். ஒரு சொட்டு மது தொடாத பள்ளிக்கூடப் பிள்ளையின் கல்லீரலிலும் கொழுப்பு படியலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வீக்கமாகவும் தழும்பாகவும் மாறும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாது.

மூன்றாவது ரத்தக் கொதிப்பும் கொலஸ்ட்ராலும். பெரியவர்களின் ரத்தக் குழாய் அடைப்புக்கு அஸ்திவாரம் பள்ளிப் பருவத்திலேயே விழுந்துவிடுகிறது.

நான்காவது குறட்டை. ‘அப்பனை மாதிரியே குறட்டை விடறான் பாரு’ என்று சிரிக்கிறோமே, அது சிரிக்கிற விஷயமில்லை. கழுத்துப் பகுதிக் கொழுப்பால் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வந்தால், பிள்ளை சரியாகத் தூங்கவில்லை என்று பொருள். மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும். மார்க் குறையும். நாமோ இன்னொரு டியூஷன் வைப்போம்!

மூட்டுகளும் இடுப்பும் பாரம் தாங்காமல் வலிக்கும். பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயதுக்கு வருவதற்கும், பின்னால் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவதற்கும் அதிக எடை ஒரு காரணமாகிறது. இதெல்லாம் போக, ‘குண்டு பூசணி’, ‘உருளை’ என்று பட்டப்பெயர் வாங்கி, விளையாட்டுக்கே போகாமல் மூலையில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளையின் மனசு இருக்கிறதே... அதை எந்த ஸ்கேனும் காட்டாது.

இன்னொரு விஷயம். நம் ஊர் உடம்புக்கு எச்சரிக்கைக் கோடு கொஞ்சம் கீழேயே இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் குழுவினர், நம் குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் பிறந்தவுடனேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகள் எடையில் சிறியவை, தசையும் குறைவு. ஆனால், கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை! இந்திய உடம்பின் இந்த வாகைக் கணக்கில் வைத்துத்தான், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் அதிக எடைக்கான கோட்டை மற்ற நாடுகளைவிடக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறது. ‘வெள்ளைக்காரப் பிள்ளைங்க இதைவிடக் குண்டா இருக்காங்களே’ என்ற சமாதானம் நமக்குச் செல்லாது.

‘வளர்ந்தா சரியாயிடும்!’

ஆகிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கணக்குப்படி, உடல்பருமன் உள்ள சிறு பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வளரிளம் பருவத்திலும் அப்படியே தொடர்கிறார்கள். வளரிளம் பருவத்தில் பருமனாக இருப்பவர்களில் 100-க்கு 80 பேர் பெரியவர்களான பிறகும் பருமனாகவே இருக்கிறார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சும்மாவா கேட்டார்கள்?

‘தைராய்டா இருக்குமோ?’ என்று சிலர் கேட்பார்கள். இருக்கலாம், ஆனால் அது அபூர்வம். ஹார்மோன் கோளாறு இருந்தால் பெரும்பாலும் பிள்ளை உயரமும் சரியாக வளராது. எடை ஏறி, உயரம் நின்றுவிட்டால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளையை நிற்க வைத்து, அதன் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் தொட்டுவிட்டால் நல்லது. எட்டவில்லையா? வயிற்றுக் கொழுப்பு கூடியிருக்கிறது, டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்று அர்த்தம்.

திருந்த வேண்டியது வீடு!

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளை குண்டானது பிள்ளையின் குற்றமில்லை. கடைக்குப் போய் மாதச் சாமான் வாங்குவது பத்து வயதுப் பிள்ளையா? ஃபிரிட்ஜை நிரப்புவது யார்? அதனால், பிள்ளையை மட்டும் ‘டயட்’டில் உட்கார வைத்துவிட்டு, அப்பா எதிரில் உட்கார்ந்து பக்கோடா தின்பது பெரிய அநியாயம். மாற வேண்டியது மொத்தக் குடும்பமும்தான்.

* பட்டினி போடாதீர்கள். வளர்கிற உடம்பு அது. பல பிள்ளைகளுக்கு எடை மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும். உயரம் கூடக் கூடச் சரியாகிவரும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

* தாகத்துக்குத் தண்ணீர், நீர்மோர். ‘ஜூஸ்’ பாட்டிலும் கலர் பாட்டிலும் வீட்டுக்குள் வர வேண்டாம். இருந்தால்தானே கேட்கும்?

* பாலில் கலக்குகிற பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்று நம்பி ஊற்றுகிறோம். 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய வியாபாரிகளிடம், அந்தப் பெயரில் எந்தப் பானத்தையும் விற்க வேண்டாம், சட்டத்தில் அப்படியொரு பிரிவே கிடையாது என்று சொல்லிவிட்டது. டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள்.

* ராகி நம் மண்ணின் பயிர். களி பிடிக்காத பிள்ளைக்கு ராகி அடை, ராகி தோசை செய்து கொடுங்கள். ‘ராகி மால்ட்’ என்று சொல்லி நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டால் வந்த புண்ணியம் போய்விடும்!

* நிப்பட், பால்கோவாவை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. டப்பாவில் நிரப்பி மேசை மேல் வைக்காதீர்கள். பண்டிகைக்குப் பண்டிகை ருசித்துச் சாப்பிடட்டும்.

* தினமும் ஒரு மணி நேரமாவது வேர்க்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிள், கபடி, கயிறு தாண்டல்... எதுவானாலும் சரி. டியூஷனைக் குறைத்தாவது நேரம் ஒதுக்குங்கள்.

* பள்ளி வயதில் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். சாப்பிடும்போது டி.வி.யும் செல்போனும் ஆஃப்.

* பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். சித்தப்பாவோ அத்தையோ விளையாட்டுக்குச் சொன்னாலும் தடுத்துவிடுங்கள்.

தாத்தா, பாட்டியிடமும் பக்குவமாகப் பேசுங்கள். ‘அத்தை, டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான்’ என்று பொறுப்பை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். அப்புறம் பிஸ்கட் டப்பாவுக்குக் காவல் அவர்கள்தான்!

பள்ளிக்கும் அரசுக்கும் ஒரு வார்த்தை

எல்லாவற்றையும் அம்மா தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று, வலதும் இடதும் ஒருமுறை பாருங்கள். விதி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2025-ல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைத்து, எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எழுதிப் போடச் சொன்னது. நல்ல யோசனை. எல்லாப் பள்ளிகளிலும் வைக்கலாமே? கூடவே, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும் வழக்கத்தையும் நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கார்டோடு இதையும் கேளுங்கள்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், சர்க்கரை சேர்த்த கேஸ் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். கேஸ் இல்லாத பழ பானத்துக்கோ 12-லிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். மா விவசாயிக்கு இதனால் நாலு காசு கிடைத்தால் சந்தோஷம்தான். 2025 கோடையில் மாங்காய் விலை விழுந்து நம் மாவட்டத்து விவசாயிகள் பட்ட பாட்டை மறக்க முடியுமா? ஆனால், பிள்ளையின் கணையத்துக்குக் கேஸ் இருக்கிறதா, இல்லையா என்ற கணக்கெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது சர்க்கரை மட்டும்தான். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை அளவை வைத்தே குளிர்பானங்களுக்கு வரி போட்டார்கள். 100 மில்லிக்கு 5 கிராமை எட்டினால் ஒரு வரி, 8 கிராமை எட்டினால் கூடுதல் வரி. வரியைத் தவிர்க்கவே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?

விவசாயிக்கு உதவ வேறு வழியும் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன், ஜூலை மாதத்தில் நம் தோப்புகளில் பழம் இருக்கிறது. அரசு அதை நேரடியாக வாங்கி, சத்துணவுத் தட்டில் ஆளுக்கு இரண்டு துண்டு வைக்கட்டும். தனியார் பள்ளிகளும் கேன்டீனில் பாட்டிலுக்குப் பதில் நறுக்கிய பழம் விற்கட்டும். தோப்புக்காரருக்கும் வருமானம், பிள்ளைக்கும் பழம்.

பெற்றோர்களே! நம் அப்பா, அம்மா காலத்தில் ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடுடா கண்ணு’ என்பது பாசம். அவர்கள் அப்படி ஊட்டியதால்தான் நாம் ஆளானோம். இன்றைக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. இந்தக் காலத்தில் ‘போதும்டா கண்ணு, வா, கொஞ்ச நேரம் வெளியே விளையாடலாம்’ என்று சொல்லத் தெரிந்த பாசம்தான் உங்கள் பிள்ளையை அறுபது வயசுவரை ஆரோக்கியமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.